மடகாஸ்கர் பயணம்: நைரோபியில் விமானம் மாறினால் என்ன ஊசி?

கேள்வி: எனக்கு 36 வயது. வேலை விஷயமாக மூன்று மாதம் மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் தங்கப் போகிறேன். நைரோபியில் விமானம் மாற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? மலேரியா நம்மூரிலும் இருக்கிறதே, அதற்கு மாத்திரை வேண்டுமா?

பதில்: மடகாஸ்கரில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது, கென்யாவில் உண்டு. நைரோபியில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து போனால் மடகாஸ்கரில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் நாட்டில் கெடுபிடி இன்னும் அதிகம். சான்று இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவருக்கு விலக்கு உண்டுதான். ஆனால் விமானம் ரத்தாகி ஓட்டலில் தங்க நேர்ந்தால் அந்த விலக்கு போச்சு. அதனால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஊசி, சான்று ஆயுளுக்கும் செல்லும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. முட்டை அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மலேரியா மாத்திரை கண்டிப்பாக வேண்டும். அங்கே அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை; மூளை வரை தாக்கும். இங்கே கொசுக்கடி வாங்கி வளர்ந்தது அதற்கு எதிர்ப்புச் சக்தி ஆகாது. உங்கள் மருத்துவர் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. எழுதுவார். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, தினமும் ஒன்று. ஊர் திரும்பியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமி பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அப்படி ரத்தத்துக்கு வந்த பிறகுதான் மருந்து அதைப் பிடிக்கும். எனவே திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் போடுங்கள். சாப்பிட்டபின், ஒரு டம்ளர் தண்ணீரோடு. விழுங்கிய கையோடு படுக்க வேண்டாம். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆறு, ஏரி, குளம் எதிலும் இறங்காதீர்கள். அங்குள்ள நன்னீர் நத்தைகளிலிருந்து வரும் புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். நம்மூரில் இல்லாத நோய் என்பதால் இங்கே யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கடலில் குளிப்பதால் இந்தத் தொல்லை வராது.

டைஃபாய்டு, டெட்டனஸ் ஊசிகளையும் சரிபார்த்துவிடுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி.

அப்புறம், திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. மடகாஸ்கர் போனதை முதலில் சொல்லுங்கள். மலேரியா இல்லை என்று முடிவு வந்து காய்ச்சல் மட்டும் தொடர்ந்தால், மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள்.