முப்பத்து மூன்று இன்னிங்ஸ்

கேள்வி: என் பையன் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே பாடக்கெட் என்ற ஊரில் பழைய பேஸ்பால் மைதானத்தை இடிப்பதற்கு ஊரே துக்கம் காத்ததாம். ஆடியது இரண்டாம் தர டீம்தானாமே, அதற்கு ஏன் இவ்வளவு? (வாசகி, நங்கநல்லூர்)

பதில்: 'இரண்டாம் தரம்' என்று அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மா, நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த மைதானத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பெயர் மெக்காய் ஸ்டேடியம். சதுப்பு நிலத்தைத் தூர்த்து, 1942இல் திறந்தது.

பாடக்கெட் ஒரு மில் ஊர். தண்ணீர் விசையில் பஞ்சு நூற்ற அமெரிக்காவின் முதல் மில்களில் ஒன்றான ஸ்லேட்டர் மில் 1793இல் எழுந்தது அங்கேதான். அப்புறம் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பெரம்பூரில் பின்னி மில் சங்கு நின்றுபோன பிறகு அந்தப் பக்கம் போனவர்களுக்கு அந்த ஊரின் முகம் உடனே புரியும்.

அந்த ஊருக்கு மிச்சம் இருந்தது பாடக்கெட் ரெட் சாக்ஸ். செல்லமாக பாசாக்ஸ். பெரிய லீக்கில் ஆடும் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பயிற்சிப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1973 முதல் மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள் ஏயில் ஆடியது. இங்கே நன்றாக ஆடினால் அடுத்த வாரமே பாஸ்டனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். சொதப்பினால் திரும்ப இங்கேதான். நம் ஊர் லீக் கிரிக்கெட்டில் கம்பெனி டீமுக்கு ஆடிக்கொண்டே ரஞ்சி செலக்‌ஷனுக்குக் காத்திருக்கும் பையன்களின் நெஞ்சு படபடப்பு இருக்கிறதே, அதேதான்.

1976 முடிவில் டீம் திவாலாகிவிட்டது. அடுத்த வருஷம் பென் மாண்டர் என்ற ஓய்வு பெற்ற மில் முதலாளி வாங்கினார். டிக்கெட் விலையை ஏற விடாமல், குடும்பத்தோடு வரும் இடமாக அதை மாற்றியவர் அவர்.

ஒரு வேடிக்கை. ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே இருந்தது. எட்டிப் பார்த்தாலும் முகம் தெரியாது. அதனால் பிள்ளைகள் பால் கேனை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். கையெழுத்துப் போட்டதும் மேலே இழுத்துக்கொள்வார்கள். மூன்றாவது மாடியிலிருந்து கூடை இறக்கிக் காய்கறி வாங்குவோமே, அந்த மாதிரி. என் பேரனும் இறக்கினான். முதல் தடவை பேனா மட்டும் இல்லாமல் கேன் திரும்பி வந்தது.

கேள்வி: விடிய விடிய ஒரே ஆட்டம் ஆடியது இந்த டீம்தானே? எந்த ஊரிலாவது அப்படி நடக்குமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: நடந்தது. 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஈஸ்டர். எதிரணி ரோசெஸ்டர் ரெட் விங்ஸ். விளக்கு ஒன்று மக்கர் செய்ததால் அரை மணி தாமதமாக, எட்டு மணி வாக்கில் ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் 1,740 பேர்.

பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். சமநிலை என்றால் இரண்டு டீமும் இன்னொரு இன்னிங்ஸ் ஆட வேண்டும், அப்புறமும் சமம் என்றால் இன்னொன்று. நம் டெஸ்டில் ஐந்தாம் நாள் சாயங்காலம் கை குலுக்கிவிட்டுப் போகிற வழியெல்லாம் அங்கே கிடையாது. ஒன்பது முடிந்தபோது 1-1. இருபத்தோராவதில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்திருக்க, பாடக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்துச் சமன் செய்தார். 2-2. அவருடைய சொந்த டீம்காரர்களே அவரை முறைத்திருப்பார்கள்.

குளிர் என்றால் அப்படியொரு குளிர். எதிர்க்காற்று வேறு; வெளியே போகவேண்டிய பந்தைத் திருப்பி மைதானத்துக்குள்ளேயே போட்டது. உடைந்த பேட்டையும் பெஞ்சுப் பலகையையும் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். டேவ் ஹப்பர்ட் என்ற ரோசெஸ்டர் கேட்சர் 31 இன்னிங்ஸ் குந்தியபடியே பந்து பிடித்தார். என் முழங்கால் இதை எழுதும்போதே வலிக்கிறது.

ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்களா? நள்ளிரவு 12.50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக்கில் விதியே இருந்தது. அம்பயர்கள் கையில் இருந்த அந்த வருஷத்து விதிப்புத்தகத்தில் மட்டும் அது அச்சாகவில்லை. புத்தகத்தில் இல்லையா, ஆடு! லீக் தலைவரைப் போனில் பிடித்து, அவர் போதும் என்று சொல்லி, 32ஆவது இன்னிங்ஸ் முடிந்து நிறுத்தியபோது விடிகாலை 4.07. மிச்சம் இருந்த ரசிகர்கள் 19 பேர். மாண்டர் அவர்களுக்கு இலவசப் பாஸ் கொடுத்தார்.

பாடக்கெட்டுக்குப் பந்து வீசிய லூயிஸ் அபோன்டே பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்த நேரத்துக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் மனைவி திறக்கவில்லையாம். மைதானத்தில் இருந்தேன், காலைப் பேப்பரைப் பார் என்றிருக்கிறார். பேப்பரோ ஆட்டம் முடியும் முன்பே அச்சுக்குப் போய்விட்டது. அவர் பாடு என்னவாகியிருக்கும் என்பதைக் கல்யாணமானவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மீதி ஆட்டத்தை ஜூன் 23 அன்று வைத்தார்கள். அப்போது பெரிய லீக்கில் ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக். எழுத ஆட்டமே இல்லாமல் கிடந்த பத்திரிகைக்காரர்கள் மொத்தமாக பாடக்கெட்டுக்கு வந்து குவிந்தார்கள். 5,746 பேர் டிக்கெட் வாங்கினார்கள். பதினெட்டே நிமிஷம். 33ஆவது இன்னிங்ஸில் பாடக்கெட்டின் டேவ் கோசா அடிக்க, மார்ட்டி பாரெட் ஓடி வந்து ரன் எடுத்தார். பாடக்கெட்டுக்கு வெற்றி, 3-2. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இதுவரை இல்லை.

கேள்வி: நம் சேப்பாக்கம் 'டை' டெஸ்டை விடவா? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சரிசமமாக முடித்த அந்த டெஸ்டுக்கு நானும் போயிருந்தேன் ஐயா, ஈரத் துண்டோடு. டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினாரே கிரெக் மேத்யூஸ், அந்த ஸ்வெட்டர் பாடக்கெட்காரர்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கும். மற்றபடி சேப்பாக்கத்தை விட்டுக்கொடுத்து நான் எழுத மாட்டேன், நானும் அதே பேட்டைதான்.

கேள்வி: இவ்வளவு பாசமான ஊர், டீமை ஏன் விட்டது? (வாசகி, பெரம்பூர்)

பதில்: மாண்டர் 2010இல் காலமானார். 2015இல் புது உரிமையாளர்கள் வாங்கினார்கள். புது மைதானம் வேண்டும் என்றார்கள், யார் பணம் போடுவது என்று இழுபறி. 2018இல் பக்கத்து மாநிலத்து வூஸ்டருக்குப் போவதாக அறிவித்துவிட்டார்கள். 2020இல் கொரோனா வந்து, வழியனுப்பு சீசன்கூட நடக்கவில்லை. ஊரார் கையசைக்காமலே கிளம்பிய டீம். 2021 முதல் வூஸ்டர் ரெட் சாக்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது. பழைய மைதானத்தின் இடம் பள்ளிக்கூடத்துக்கு.

கேள்வி: கடைசி அடி அடித்த கோசா அப்புறம் பெரிய லீக்கில் கலக்கினாரா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு மூன்றாவது பேஸில் ஃபீல்டிங் நின்ற இரண்டு பையன்கள், பாடக்கெட் பக்கம் வேட் பாக்ஸ், ரோசெஸ்டர் பக்கம் கால் ரிப்கென், இருவரும் பின்னால் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்கள். அந்த ஆட்டத்தில் பாக்ஸ் 12 முறை மட்டையோடு நின்று 4 அடித்தார். ரிப்கென் 13க்கு 2. கோசா 14க்கு 5.