வஞ்சமும் வெஞ்சன்ஸும் ஒன்றா? வாசகர் கேள்விகள்

பழிவாங்கலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘வெஞ்சன்ஸ்’, ‘ரிவெஞ்ச்’ என்ற சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் என்னைப் பலமுறை நிறுத்தி யோசிக்க வைத்த சொற்கள் இவை.

கேள்வி: ‘வெஞ்சன்ஸ்’ நம்முடைய ‘வஞ்சம்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஒலி ஒத்திருக்கிறது என்பது சரி. அந்த ஒலி எப்போது வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.

1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் ஓங்கியிருந்தது. சட்டம், தண்டனை சார்ந்த சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் வந்தன. ‘வெஞ்சன்ஸ்’ அப்படி 1300-ஐ ஒட்டி வந்தது. அதன் பிரெஞ்சு வடிவத்துக்கு மூலம் லத்தீனின் ‘விண்டிகாரே’. அதில் ‘ஞ்ச’ என்ற ஒலியே கிடையாது. ‘ண்டிக’ என்று இருந்தது பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ‘ஞ்ஜ’ ஆயிற்று. லத்தீன் ‘யூடிகாரே’ இதே பாதையில் தேய்ந்துதான் ‘ஜட்ஜ்’ ஆனது. ஆக, நம் வஞ்சத்தோடு ஒத்துப்போகிற பகுதி மூலச்சொல்லில் இல்லாதது, இடையில் விளைந்தது.

பொருளும் அவ்வளவு ஒத்துப்போகவில்லை. ‘வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்’ என்று வள்ளுவர் சொல்வது பழிவாங்குகிறவனை இல்லை; உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே வேறாக நடிக்கிறவனை. அங்கே வஞ்சம் என்றால் ஏமாற்று.

இனி விண்டிகாரே. ரோமில் அதற்கு ‘இது எனக்குரியது’ என்று சட்டப்படி உரிமை கோருவது என்று பொருள். சொத்து வழக்குக்கு இந்தச் சொல்தான். அடிமையை விடுவிக்கும் சடங்கிலும் இது வரும். எஜமானும் அடிமையும் பிரேட்டர் என்ற நீதி அதிகாரி முன்னால் நிற்பார்கள். வேறொருவர் வந்து ஒரு கோலால் அடிமையைத் தொட்டு, இவன் சுதந்திரமானவன் என்று உரிமை கோருவார். எஜமான் மறுத்துப் பேசாமல் நிற்பார். பிரேட்டர் அறிவித்ததும் அவன் அடிமை இல்லை. அந்தக் கோலுக்குப் பெயர் ‘விண்டிக்டா’. பழிவாங்கலுக்கும் லத்தீனில் அதே சொல்தான். அது இத்தாலியனில் ‘வெண்டெட்டா’ ஆகி, கோர்சிகா தீவில் தலைமுறை தலைமுறையாக நீண்ட குடும்பப் பகைகளுக்குப் பெயராக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருவனை விடுதலை செய்த கோலின் பெயர் இப்படி ஆனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

இதே வேரில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ‘விண்டிகேட்’ என்றால் ஒருவர் மேல் விழுந்த பழியை நீக்கி, அவர் பக்கம் நியாயம் என்று நிலைநாட்டுவது. ‘விண்டிக்டிவ்’ என்றால் கறுவிக்கொண்டே இருக்கிற குணம். இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்.

கேள்வி: என் பையன் கேட்கிறான்: ஏன் ‘அவெஞ்சர்ஸ்’, ஏன் ‘ரிவெஞ்சர்ஸ்’ இல்லை?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் ‘அவெஞ்ச்’ என்றால் அநியாயத்துக்கு நியாயம் தேடுவது, பெரும்பாலும் இன்னொருவருக்காக. ‘ரிவெஞ்ச்’ என்றால் எனக்கு நீ செய்ததை நான் உனக்குத் திருப்பிச் செய்வது. ‘அவெஞ்சர்ஸ்’ படங்களின் நாயகர்களுக்கு முதல் சொல்தான் பொருந்தும்.

ஆனால் இந்தப் பிரிவினை பழையது இல்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் அப்பாவின் ஆவி வந்து தன் கொலைக்குப் பழிதீர்க்கச் சொல்லும் இடத்தில் வருவது ‘ரிவெஞ்ச்’ என்ற வினைதான். 1600 வாக்கில் அதைக் கேட்டவர்களுக்கு அதில் ஒரு இழுக்கும் தோன்றியிருக்காது. 1755-ல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ரிவெஞ்ச் ஆத்திரத்தின் வேலை, வெஞ்சன்ஸ் நீதியின் வேலை என்று பிரித்தார். எல்லோரும் எப்போதும் அப்படிப் பிரிப்பதில்லை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

கொஞ்சம் நம் பக்கமும் பார்க்கலாம். 1611-ன் ஆங்கில பைபிளில் ரோமர் நிருபத்திலும் 94-ஆம் சங்கீதத்திலும் வருவது ஒரே ‘வெஞ்சன்ஸ்’. இன்று பரவலாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில் ரோமர் 12:19-ல் ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்று இருக்கிறது. சங்கீதத்திலோ ‘நீதியைச் சரிக்கட்டுகிற தேவனே’ என்று இருக்கிறது. எனக்கு இரண்டாவது மிகவும் பிடிக்கும். சரிக்கட்டுவது என்பது கணக்கு தீர்க்கிற சொல், தராசுத் தட்டைச் சமமாக்குகிற சொல். ஜான்சன் பிரித்துக் காட்டியதைத் தமிழ் எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிடுகிறது பாருங்கள்.

கேள்வி: ‘வித் எ வெஞ்சன்ஸ்’ என்ற தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: பழியை மறந்துவிடுங்கள். ஒருமுறை என் மேசைக்கு வந்த வானிலைச் செய்தியில், நான்கு நாள் ஓய்ந்திருந்த மழை ‘பழிதீர்க்கும் எண்ணத்துடன்’ திரும்பியது என்று புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எழுதியிருந்தார். அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார், அவர் மேல் தப்பில்லை. இருவரும் உட்கார்ந்து ‘விட்ட மழை பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கியது’ என்று மாற்றினோம்.

16-ஆம் நூற்றாண்டில் வெஞ்சன்ஸ் ஒரு சாபச்சொல்லாகவும் இருந்தது. ‘நாசமாய்ப் போக’ என்பதுபோல ஆத்திரத்தில் வந்து விழும். ஷேக்ஸ்பியரின் கொரியோலேனஸ் நாடகத்தில்கூட அப்படி ஒரு இடம் உண்டு. சாபத்தின் பொருள் போய் வேகம் மட்டும் மிஞ்சியது. அதனால் தமிழிலும் வேகம் இருந்தால் போதும்: முழுமூச்சாக, ஒரேயடியாக, இரட்டை மடங்காக, விட்டதற்கும் சேர்த்து. எது இடத்துக்குப் பொருந்துகிறதோ அது.

கேள்வி: பழிவாங்கலுக்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் எது?

பதில்: ‘ரீக்’. பழைய ஆங்கிலத்தில் ‘வ்ரெகன்’ என்றால் துரத்துவது, தண்டிப்பது, பழிதீர்ப்பது. இன்று வெஞ்சன்ஸுக்கும் பெருநாசத்தைக் குறிக்கும் ‘ஹேவக்’ என்ற சொல்லுக்கும் முன்னால் ஒட்டிக்கொண்டுதான் அது உயிரோடு இருக்கிறது. அதன் உறவுக்காரச் சொல் ‘ரெட்ச்’. முதலில் நாடுகடத்தப்பட்டவன் என்று பொருள், இன்று பரிதாபத்துக்குரியவன். ஜெர்மனில் அதே சொல் ‘ரெக்கெ’ என்று வீரனைக் குறிக்கிறது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனை ஒரு மொழி இரக்கத்தோடும் இன்னொன்று வியப்போடும் பார்த்திருக்கிறது.

கேள்வி: ‘ரிவெஞ்ச் ஆறவைத்துப் பரிமாற வேண்டிய பண்டம்’ என்பது யார் சொன்னது?

பதில்: பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றில் இருக்கிறது என்பார்கள். அதில் இல்லை. 1841-ல் யூஜின் சூ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் ‘மத்தில்ட்’ நாவலில், பழியை ஆறிய பின்னும் நன்றாகச் சாப்பிடலாம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. 1846-ல் அது ஆங்கிலமானது. 1982-ன் ஸ்டார் டிரெக் படத்தில் அதை வேற்றுக்கிரகத்துப் பழமொழி என்று சொன்னதும் உலகம் முழுக்கப் பரவியது.

கேள்வி: ‘அரசியல் வெண்டெட்டா’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ‘அரசியல் பழிவாங்கல்’ என்றே எழுதலாமா?

பதில்: எழுதலாம், சொன்னவர் பெயரோடு. வழக்கில் சிக்கியவர் ‘இது பழிவாங்கல்’ என்றால் அது அவர் வாதம். செய்தியாளர் தன் வாக்கியமாக எழுதினால் அது தீர்ப்பு.

கேள்வி: ‘ரிவெஞ்ச் டிராவல்’ என்கிறார்களே, யாரை யார் பழிவாங்குகிறார்கள்?

பதில்: யாரையும் இல்லை. கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள், இழந்த நாட்களுக்கும் சேர்த்து ஊர் சுற்றுவது. சீனத்தில் ‘பழிவாங்கும் செலவு’ என்று முன்பே ஒரு தொடர் உண்டு. பகல் முழுக்க வேலை தின்றுவிட, ராத்திரி தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் அங்கே ‘பழிவாங்கும் கண்விழிப்பு’ என்று பெயர். 2020-ல் இது ஆங்கிலத்திலும் பரவியது.

ஜப்பானியரிடம் போன ரிவெஞ்ச் இன்னும் சாதுவாகிவிட்டது. ‘ரிபெஞ்ஜி’ என்கிறார்கள். 1999-ல் டைசுகே மட்சுசாகா என்ற பேஸ்பால் வீரர், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு ரிபெஞ்ஜி செய்வேன் என்றார். அடுத்து வென்றும் காட்டினார். அந்த ஆண்டின் சொல்லுக்கான முதல் பரிசு பெற்ற சொற்களில் அதுவும் ஒன்று. இப்போது நுழைவுத் தேர்வில் தவறியவர் அடுத்த வருடம் எழுதினாலும் ரிபெஞ்ஜிதான். போனமுறை மூடியிருந்த நூடுல்ஸ் கடைக்கு மறுபடி போனாலும் ரிபெஞ்ஜிதான். எதிராளி என்று ஒருவர் தேவையே இல்லாமல் போய்விட்டது.

கேள்வி: நான் இதழியல் மாணவி. பிரிந்த காதலன் ஒரு பெண்ணின் படங்களை இணையத்தில் பரப்பிய செய்தியை எழுதினேன். ‘ரிவெஞ்ச் போர்ன்’ என்பதைப் ‘பழிவாங்கும் ஆபாசப்படம்’ என்று போட்டேன். பேராசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: உங்கள் பேராசிரியர் செய்தது சரி. இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

முதல் பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இந்தச் சொல்லின் வேரில் ஒரு உரிமைக் கோரிக்கை இருக்கிறது: எனக்கு ஒரு அநியாயம் நடந்தது, அதற்கு நான் ஈடு கேட்கிறேன் என்று. பழி என்ற தமிழ்ச் சொல்லில் அது இன்னும் கனமாக இருக்கிறது. பழி என்றால் குற்றம். பழிவாங்கினான் என்று எழுதும்போது, வாங்குவதற்கு அங்கே முன்பே ஒரு குற்றம் இருந்தது என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெண் என்ன குற்றம் செய்தார்? உறவிலிருந்து விலகினார். அது குற்றமே இல்லை. உங்கள் வாக்கியம், நீங்கள் நினைக்காமலேயே, அவன் தரப்பு வாதத்தை எடுத்துப் பேசிவிட்டது. ‘ஆபாசப்படம்’ என்ற சொல்லும் அப்படித்தான். அவர் நடிக்கவில்லை, விற்கவில்லை, வெளியிடச் சம்மதிக்கவும் இல்லை.

சட்டங்கள் இதில் கவனமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் 2015-ல் வந்த சட்டத்தை ஊடகங்கள்தான் ரிவெஞ்ச் போர்ன் சட்டம் என்றன. சட்டப்பிரிவின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. மன உளைச்சல் தரும் நோக்கத்தோடு அந்தரங்கப் பாலியல் படங்களை வெளியிடுதல் என்றே இருந்தது. பின்பு 2023-ன் சட்டத்தில் அந்த நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கி, சம்மதம் இல்லாமல் பகிர்ந்தாலே குற்றம் என்று ஆக்கினார்கள். நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவும், ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதையும் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. எதற்காகச் செய்தான், பழிக்காகவா பணத்துக்காகவா என்ற பேச்சு அந்தப் பிரிவில் இல்லை.

அதனால் நடந்ததை அப்படியே எழுதுங்கள்: ‘பெண்ணின் அந்தரங்கப் படங்களைச் சம்மதமின்றிப் பரப்பிய இளைஞர் கைது’. அவன் போலீசில் ‘பழிவாங்கவே செய்தேன்’ என்று சொல்லியிருந்தால், அதை மேற்கோள் குறிக்குள், அவன் சொன்னதாக, செய்தியின் கடைசிப் பத்தியில் போடுங்கள். தலைப்பில் வேண்டாம்.