நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எந்த எண் பெரியது என்று ஏன் தெரிவதில்லை?

ஆறு வயது மகள் நூறு வரை தடங்கல் இல்லாமல் சொல்கிறாள், ஆனால் இரண்டு எண்ணைக் காட்டி எது பெரியது என்றால் முழிக்கிறாள், ஏறுவரிசை என்றால் கலைத்துப் போடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒருமுறையாவது குரலை உயர்த்தியிருப்பீர்கள், அவள் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் உயர்த்தியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆசிரியை இல்லை. என் ஒரு பிள்ளையை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம் போட வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகன் முதல் வகுப்பில் இருந்தபோது 80, 90, 100, 110 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதச் சொன்னார்கள். அவன் 80, 100, 90, 110 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, கீழே 'கவனம் இல்லை' என்று ஒரு வரி. நானும் அதையே நம்பினேன். நாலு நாள் அதையே திரும்பத் திரும்ப எழுத வைத்தேன். ஐந்தாம் நாளும் தொண்ணூறு நூறைத் தாண்டித்தான் நின்றது. அன்றைக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல், "ஏன்டா கண்ணா, தொண்ணூறு எப்படி நூறைவிடப் பெரிசு?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ளயே நூறு இருக்கே அம்மா. நூத்திப்பத்துல நூறும் பத்தும் இருக்கு. தொண்ணூறுல நூறும் தொண்ணும் இருக்கு. தொண்ணு பத்தைவிடச் சின்னது."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவனம் இல்லாத பிள்ளையா இது? இருபது, முப்பது, எழுபது, எண்பது எல்லாம் 'பது' என்று முடிகின்றன. அடுத்து வரும் 90 மட்டும் நூறின் ஓசையோடு வருகிறது. போதாததற்கு, வெறும் ஒன்றுகளில் நிற்கும் ஒன்பது 'பது' என்று முடிகிறது. நமக்குப் பழகிவிட்டதால் காதில் உறுத்துவதில்லை. புதிதாகக் கேட்கிற பிள்ளைக்கு உறுத்துகிறது. அடுத்த ஆண்டு தொள்ளாயிரம் வந்தபோது நானே முந்திக்கொண்டேன், அதற்குள்ளும் ஆயிரம் கேட்கிறதே.

அப்புறம் என்ன செய்தேன் என்றால், நோட்டை மூடினேன். குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். கட்டியது அவன்தான், நான் இல்லை. அது முக்கியம். ஒவ்வொரு கட்டையும் எண்ணி எண்ணிக் கட்டினான். தரையில் ஒரு பக்கம் ஒன்பது கட்டு, இன்னொரு பக்கம் பத்துக் கட்டு. ஒன்றுக்கு எதிரே ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தவன், கடைசிக் கட்டுக்கு எதிரே இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, "தொண்ணூறுக்கு ஒரு கட்டு பத்தலை" என்றான். பேர் எப்படி இருந்தாலும் கட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டோம்.

குச்சி எல்லாம் பழைய முறை, இப்போது அதற்குச் செயலிகள் இருக்கின்றன என்று யாராவது கீழே எழுதுவார்கள். இருக்கட்டும். பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்து ஆகிறது என்பது, கையால் கட்டிய பிறகுதான் என் பிள்ளைக்குப் புரிந்தது.

இடமதிப்பு, அதாவது இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்பது, வந்துவிட்டால் 45, 54 குழப்பம் தானாகக் குறைகிறது: நாலு கட்டும் ஐந்து குச்சியும், ஐந்து கட்டும் நாலு குச்சியும். முதலில் கட்டைப் பார், கட்டு சமமாக இருந்தால்தான் உதிரிக்கு வா. இலக்கம் அதிகமிருந்தால் பெரிய எண் என்று குறுக்குவழி மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். முழு எண்களுக்கு அது சரி. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு வளரும் பிள்ளை, தசமம் வரும்போது 0.5ஐவிட 0.125 பெரியது என்று சொல்லும்.

வரிசைப்படுத்துவது இன்னும் கடினம் என்பதையும் மனதில் வையுங்கள். நடுவில் நிற்கும் எண் ஒன்றைவிடப் பெரியதாகவும் இன்னொன்றைவிடச் சிறியதாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமே. மகன் இரண்டிரண்டாக மட்டும் பார்த்து அடுக்குவான். அட்டைகளில் எழுதிக் கொடுத்து, "எல்லாத்துலயும் சின்னதை மட்டும் எடு, மீதியில சின்னதை எடு" என்று சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது.

8, 9 என்று பக்கத்துப் பக்கத்து எண்களில் யோசித்தால் அவசரப்படுத்த வேண்டாம். பெரியவர்களுக்கே 2, 9 என்ற ஜோடியைவிட 8, 9க்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது. மோயர், லாண்டவர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1967இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

பெரியது, சிறியது குறிகளுக்கும் (>, <) இப்போது அவசரம் இல்லை. முதலை வாய் என்று சொன்னதில் என் மகன் பல் வரைவதிலேயே நின்றுவிட்டான். அந்தக் குறிகள் அச்சில் வந்ததே 1631இல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இறந்து பத்து ஆண்டு கழித்து வெளியான அவருடைய நூலில்தான். அதற்கு முன்பும் மனிதர்கள் எண்களை ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வாயால் "இது அதைவிடப் பெரியது" என்று முழுதாகச் சொல்ல வந்த பிறகு குறி போடட்டும்.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு நானும் கணவரும் சேர்ந்துதான் போனோம். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க, "அம்மா வீட்ல உட்கார்ந்து பார்க்கிறதில்லையா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்கள். நானும் வேலைக்குப் போகிறவள், அவரும் வேலைக்குப் போகிறவர். வீட்டில் குச்சி கட்ட உட்கார்ந்ததில் பாதி நாள் அவர்தான். ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் உடனே அம்மாவின் பக்கம் திரும்புகிற அந்தப் பார்வை எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளிடமும் 'ஏன்' என்று கேட்டு உட்கார அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு அந்த நேரம் கிடைக்கும். இன்றைக்கு 90, 100 இரண்டையும் முதலில் வாயால் சொல்லிக் கேளுங்கள், பிறகு எழுதிக் காட்டிக் கேளுங்கள். இரண்டு தடவையும் பதில் மாறுகிறதா என்று பாருங்கள். திருத்த வேண்டாம், ஏன் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லும் காரணத்தை அவள் வார்த்தையிலேயே இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.