ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பாறை ஓவியங்களுக்கு மானிடவியலாளர்கள் எப்படிப் பொருள் சொல்கிறார்கள்?

பொருள் சொல்வதைவிட அந்த மக்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அதிகம். பால் டாசோன் என்ற ஆய்வாளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்ட் பகுதியில் பல பத்தாண்டுகளாக வேலை செய்பவர். அங்கே மீனை வரைந்தால் வெளித்தோற்றத்தோடு நிறுத்த மாட்டார்கள். முள்ளும் குடலும் தெரிய எக்ஸ்-ரே எடுத்ததுபோல் வரைவார்கள். அவருடைய ஆரம்பகால ஆய்வே இந்த மீன்களைப் பற்றியதுதான்.

2020இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். 87 இடங்களில் 572 ஓவியங்கள். வயது சுமார் 6,000 முதல் 9,400 ஆண்டுகள் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இந்த ஓவியங்களுக்கு 'மாலிவாவா' என்ற பெயரைக்கூட ஆய்வாளர்கள் வைக்கவில்லை, அந்த நிலத்துக்கு உரிய பெரியவர் ஒருவர் கொடுத்தது. வேட்டைக் காட்சிகள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்: மனிதரும் கங்காருக்களும் பக்கத்தில் பக்கத்தில், ஏதோ உறவுக்காரர்போல நிற்கிறார்கள். ஓர் ஓவியத்தில் ஆவுளியா, அதாவது நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அதே கடற்பசு! வரைந்தவர் கடற்கரைக்குப் போய்வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வயதைக் கணிப்பது தனித் தலைவலி. வண்ணமாகப் பயன்பட்ட காவிக்கல் கனிமப்பொருள், அதில் கார்பன் கிடையாது, எனவே கார்பன் முறையில் நேரடியாக அளக்க முடியாது. எந்த ஓவியத்தின்மேல் எது வரையப்பட்டிருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பார்ப்பார்கள். ஓவியத்தின்மேல் குளவி கட்டிய மண்கூடு கிடைத்தால் கொண்டாட்டம்தான். கூட்டின் வயது தெரிந்தால், ஓவியம் அதைவிடப் பழையது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.