தெரபிக்கு முன்பணம் கட்ட நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மூளை முடக்குவாதத்தால் வலது கையும் காலும் பலவீனம். வாரம் மூன்று நாள் ஆக்குபேஷனல் தெரபிக்கு (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) அழைத்துப் போகிறேன். ஒரு வகுப்புக்கு 700 ரூபாய். ஓராண்டுக்கான 156 வகுப்புகளுக்கும் சேர்த்து 88,000 ரூபாய் முன்பணம் கட்டினால் 21,200 ரூபாய் மிச்சம் என்கிறார்கள். ஆண்டு முடிந்ததும் மீதி வகுப்புகள் காலாவதியாகிவிடுமாம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் 42,000 ரூபாய் சம்பளம். என் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 4,000 ரூபாய் கட்டும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா? காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று கடந்த ஆறு மாதத்தில் 59 வகுப்புகளுக்குத்தான் போக முடிந்தது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அடகு வேண்டாம் சகோதரி. காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஆறு மாதத்தில் 78 வகுப்புகள், போனது 59. இதே வேகத்தில் ஓராண்டுக்கு 118 வகுப்புகள் வரும். அவ்வப்போது பணம் கட்டினால் செலவு 82,600 ரூபாய்தான். முன்பணமோ 88,000. நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்தாலும் இன்னும் 8,800 சேர்ந்து 96,800 ஆகிறது. சலுகை என்று சொல்லப்பட்டது உங்களுக்கு 14,200 ரூபாய் நஷ்டம். வகுப்புகளைத் தவறவிட்டது உங்கள் குற்றமில்லை. நான்கு வயதில் சளியும் காய்ச்சலும் வரத்தான் செய்யும். பணம் கட்டிவிட்டோமே என்று காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. மாதா மாதம் முன்கூட்டிக் கட்டினால் ஏதாவது குறைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் தெரபியைக் குறைத்துச் சேமிக்கவும் சொல்ல மாட்டேன். சிறு வயதில் மூளை புதிய பழக்கங்களை வேகமாகப் பற்றிக்கொள்ளும். இந்த ஆண்டுகள் திரும்பி வராது, எஸ்.ஐ.பி.யை எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம். அதை 2,000 ஆக்குங்கள். மிச்சமாகும் 2,000 ரூபாயில் முதல் வேலையாகக் கணவர் பெயரில் டேர்ம் இன்ஷூரன்ஸ் (அவருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். ஆண்டு வருமானத்தைப்போல் 15 மடங்காவது, அதாவது 75 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருக்கட்டும். இந்தக் குழந்தை 25 வயதிலும் உங்களைச் சார்ந்திருக்கலாம். அந்தப் பொறுப்பு முழுவதும் இன்று ஒரே சம்பளத்தின் மேல் நிற்கிறது.

அடுத்தது நிரமயா. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் இந்தக் காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், வயது வரம்பும் இல்லை. சாதாரண மெடிக்கிளைம் பாலிசிகளில் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் தெரபிக்கும் பணம் கிடைக்கும். அதற்கென்று தனி உச்சவரம்பு உண்டு என்பதால் முழுச் செலவும் திரும்பாது. முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். அதனால் தேதி போட்ட ரசீதையும் டாக்டரின் பரிந்துரைச் சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். வெள்ளைத் தாளில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இன்னும் எடுக்கவில்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். எல்லாக் கதவுக்கும் அதுதான் சாவி.

மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கான 80டிடி வரிவிலக்கு பற்றிப் பலரும் சொல்வார்கள். பழைய வரி முறையில் 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. உங்கள் கணவருக்கு அது பயன்படாது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை.

வாரத்தில் ஒரு வகுப்பையாவது அரசு மையத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் 18 வயது வரை கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் நான்கு வகுப்பு அங்கே போனாலே 2,800 ரூபாய் மிச்சம்.

இன்னொன்று, பணக் கணக்கில் அடங்காதது. ஒரு தெரபி மையத்தில் என் முறைக்காகக் காத்திருந்தபோது பார்த்தேன். தெரபிஸ்ட் ஒரு சிறுமியின் பலவீனமான கையில், கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டியைக் கொடுத்திருந்தார். வாய்க்குப் போவதற்குள் பாதிச் சாதம் மடியில் கொட்டியது. அம்மா துடைக்க எழுந்தார். "இருங்கம்மா, அவளே எடுக்கட்டும்" என்றார் தெரபிஸ்ட். அந்தப் பத்து நிமிடப் பயிற்சியை வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டிலும் செய்யலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் மையத்தில் இருக்கும் குழந்தை, மீதி நேரமெல்லாம் உங்களோடுதானே இருக்கிறது? நீங்கள் கொடுக்கும் 700 ரூபாயில் வீட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு உரிமையோடு கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். சட்டைப் பொத்தானுக்கு என்ன செய்வது, கரண்டிக்கு என்ன செய்வது, எந்தக் கையை எவ்வளவு நேரம் பழக்குவது என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.