சுகாதாரத்துக்கு ஒதுக்கும் நிதி குறித்து நாடாளுமன்றத்தில் நடக்கும் விவாதத்தால் சாமானிய மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு, மானியக் கோரிக்கை, அதாவது ஓர் அமைச்சகம் தன் செலவுக்கு அவையிடம் கேட்கும் பணம், மீதான விவாதம் முறையாக நடக்குமானால் நிச்சயம் உண்டு. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவையில் கேட்கப்படாமல் போன ஒரு கேள்வி மருந்து வழங்கும் சன்னலில் எப்படி வந்து நிற்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி முதல் நாள் நிதியமைச்சர் வாசிக்கும் உரையைத்தான் நம்மில் பலர் பட்ஜெட் என்று நினைக்கிறோம். பணத்துக்கு ஒப்புதல் கிடைப்பது அதற்குப் பின்னர்தான். அரசியலமைப்பின் 113ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அமைச்சகத்தின் செலவும் மானியக் கோரிக்கையாக மக்களவைக்கு வந்து வாக்கெடுப்பில் நிறைவேற வேண்டும். மாநிலங்களவை விவாதிக்கலாம், வாக்களிக்க இயலாது. மக்களவை விவாதத்தின்போது உறுப்பினர்கள், கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டு வரலாம். அரசின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிய தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள்; செலவு மிகை என்றால் இன்ன தொகையைக் குறைக்கச் சொல்வார்கள்; ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வார்கள். இந்த மூன்றாவது வகையை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தத் தீர்மானமும் பெரும்பாலும் வெற்றி பெறுவதில்லை என்றாலும், ஒரு மாவட்டத்தின் மருந்துத் தட்டுப்பாட்டையோ செவிலியர் பற்றாக்குறையையோ பெயர் சொல்லி எழுப்பவும், அமைச்சரிடமிருந்து பதிலை அவைக் குறிப்பில் பதியவைக்கவும் அந்த நூறு ரூபாய் வழி தருகிறது.

ஆனால் எல்லா அமைச்சகங்களையும் விவாதிக்க நேரம் இருப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்கள் மட்டும் விவாதத்துக்கு எடுக்கப்படுகின்றன. குறித்த நாள் வந்ததும் மீதமுள்ள கோரிக்கைகள் அனைத்தும் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிறைவேறுகின்றன. இதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018 மார்ச் 14 அன்று அமளிக்கிடையே 99 மானியக் கோரிக்கைகளும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் விவாதமின்றி நிறைவேறின. 2023 மார்ச்சிலும் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. அமளிக்கு எந்தத் தரப்பு காரணம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஆண்டுகளில் சுகாதார அமைச்சகத்தின் செலவு குறித்து மக்களவையில் வரிவரியாகக் கேட்பதற்கு இருந்த வாய்ப்பு போய்விட்டது என்பதையே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்ட பிறகு, ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் வந்தது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்ற வரம்பு அதில் இருக்கும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும்போதெல்லாம் அதன் மதிப்பு கழிக்கப்பட்டு, மீதி எழுதப்படும். மிக நல்ல ஏற்பாடு. பிற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. ஆனால் அந்த வரம்பு வானத்திலிருந்து வருவதில்லை. நாடாளுமன்றத்தைப் போலவே சட்டப்பேரவையிலும் மானியக் கோரிக்கை உண்டு; அங்கே மக்கள் நல்வாழ்வுத் துறைக்கான மானியக் கோரிக்கை எண் 19 நிறைவேறிய பிறகு கிடைக்கும் பணம்தான் பல படிகள் இறங்கி அந்தப் பாஸ்புக்கின் முதல் வரியாகிறது. நோயாளிகள் கூடி, வரம்பு கூடாத ஓர் ஆண்டில், மார்ச்சில் நிதியாண்டு முடியும் முன், பிப்ரவரி மாதமே எங்கள் பாஸ்புக்கில் மீதி கரைந்துவிட்டது. எல்லோருக்கும் ஓரளவாவது கிடைக்கட்டும் என்று, சர்க்கரை நோய்க்கான மாத்திரையை முப்பது நாளுக்குப் பதிலாகப் பதினைந்து நாளுக்கு மட்டும் கொடுத்தோம். களை எடுக்கும் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, நான் நீட்டிய உறையை வாங்காமல், "தம்பி, பாதிதான இருக்கு? திரும்ப வரணும்னா எனக்கு ஒரு நாள் கூலி போயிருமேப்பா" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை அவர் வரவில்லை. வெளியே மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டுக்கே செல்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த அம்மா கடையில் கொடுத்த பணமும் நாடாளுமன்ற விவாதத்தில் ஓர் எண்ணாக வருகிறது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவழித்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. ஆளுங்கட்சியினர் இதைச் சொல்வார்கள். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக உறுதி கூறியது. மத்திய, மாநில அரசுகள் இரண்டையும் சேர்த்தே 2021-22இல் அது 1.84 விழுக்காடுதான். எதிர்க்கட்சியினர் இதைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. 2025-26இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 99,859 கோடி ரூபாய். அது மொத்த பட்ஜெட்டான சுமார் 50.65 லட்சம் கோடியில் ஏறத்தாழ 2 விழுக்காடு. முந்தைய ஆண்டைவிடத் தொகை உயர்ந்திருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். எட்ட வேண்டிய தூரத்துக்கு இது போதாது என்பதே என் கருத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே குறை ஒன்று எழுந்தால் "இது மாநிலப் பொருள்" என்று மத்திய அரசும், "மத்திய நிதி வந்து சேரவில்லை" என்று மாநில அரசும் சொல்வது வழக்கம். இரு அரசுகளும் சேர்ந்து செலவழிக்கும் தேசிய சுகாதார இயக்கம் என்ற திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவுப் பங்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40. மத்தியப் பங்கு தவணையாக வரும். முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்தது தாமதமாகும். அந்தத் தாமதத்தில் முதலில் அடிபடுவது ஒப்பந்த ஊழியர்களின் ஊதியம். இருதரப்பையும் ஒரே இடத்தில் வைத்துத் தேதிவாரியாகக் கேள்வி கேட்க விவாதத்தைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அவையில் நேரம் கிடைக்காவிட்டாலும், 1993 முதல் செயல்படும், இரு அவைகளின் உறுப்பினர்களும் கொண்ட துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா என்றாலும், அமைச்சக அதிகாரிகள் நேரில் விளக்கம் தர வேண்டியிருக்கிறது. சுகாதாரக் குழுவின் அறிக்கையைப் படிப்பவர்கள் மூன்று எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: தொடக்கத்தில் ஒதுக்கியது, நடுவில் திருத்திய மதிப்பீடு, கடைசியில் உண்மையில் செலவானது. பட்ஜெட் நாளன்று கைதட்டல் வாங்கிய ஒரு திட்டம் மூன்றாவது எண்ணில் மெலிந்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

நானும் இந்த ஆண்டு சனவரியில் எங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தேசிய சுகாதார இயக்கத்தின் தவணைகள் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டன என்று கேட்டு 100 ரூபாய் வெட்டுத் தீர்மானம் ஒன்றைக் கொடுக்குமாறு அதில் வேண்டியிருக்கிறேன்.