வாழ்க்கை வரலாறு அலமாரி: கேள்வி பதில்

கிளை நூலகங்களில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆளுக்கொரு பிடித்த தன்வரலாற்றையும் கட்டுரை நூலையும் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள், "சந்தேகமெல்லாம் அக்காவிடம் கேளுங்கள்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சினிமா நடிகர்கள் பற்றி வந்தவற்றை எடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய விஷயம்.

கரூர் வாசகர்: அக்கா, நான் நாவல் மட்டும் படிப்பவன். தன்வரலாறு என்றால் 'நான் பிறந்த ஊர், என் பாட்டனார் பெருமை' என்று ஆரம்பித்துத் தூங்க வைத்துவிடுகிறது. முதலில் எதை எடுக்கலாம்?

அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. யோசிக்காமல் சொல்வேன். 1918ல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு பாய்ஸ் கம்பெனிக்குள், அதாவது பையன்களே நடிக்கிற நாடகக் குழுவுக்குள், போன பையன் வளர்ந்து எழுதிய புத்தகம். ஊர் ஊராகப் போவது, வசூல் ஏறுவது, இறங்குவது, வாத்தியாரிடம் வாங்குகிற அடி என்று கதை தானாக ஓடும்.

அந்தக் கம்பெனியின் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' எழுதிய இரவை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள். நாலு மணி நேரம் நடக்கிற நாடகம், நூற்றுக்கு மேல் பாட்டு, வசனம், அத்தனையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே ராத்திரியில். அந்த மனிதர்தான் பிறகு பக்கவாதத்தில் விழுந்து 1922ல் காலமாகிறார். அவரை அந்த நிலையில் பார்க்கிற பையனுக்கு அப்போது பத்து வயது.

சண்முகம் இதில் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட மற்றவர்களைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம். தன்வரலாறு தேறுமா தேறாதா என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனையே அதுதான். நடுவில் பத்துப் பக்கம் புரட்டுவேன். எழுதியவரைத் தவிர வேறு யாராவது அதில் உயிரோடு நடமாடுகிறார்களா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுவேன்.

கும்பகோணம் வாசகி: உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இரண்டு தடவை வாங்கி, இரண்டு தடவையும் அறுபதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கும்பகோணத்துக்காரி வேறு!

வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. அதை நீங்கள் புத்தகமாகப் படிக்கிறீர்கள், அதுதான் சிக்கல். அது புத்தகமாக எழுதப்பட்டதே இல்லை. 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்த தொடர், மொத்தம் 122 அத்தியாயம். அந்தக் கால வாசகர்கள் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பதினைந்து அத்தியாயத்தை விழுங்கப் பார்த்தால் விக்கும். ராத்திரிக்கு ஒன்று என்று வையுங்கள். நாலு மாதத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு குறுக்கு வழியும் சொல்கிறேன், பண்டிதர்கள் திட்டினாலும் பரவாயில்லை. ஆரம்பத்து ஊர்ச் சரித்திரத்தை விட்டுவிட்டு, பதினாறு வயதுப் பையன் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். பையனின் பெயர் அப்போது வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்கிறார். வீட்டில் 'சாமா' என்று கூப்பிடுவார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம். சரி, இனி அதுவே இருக்கட்டும் என்கிறார். நமக்குத் தெரிந்த 'சாமிநாதையர்' அப்படி வந்ததுதான். அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியிடம் பையன் சங்கீதமும் கற்றுக்கொள்ளப் போகிறான். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியம் ஏறாது என்பது அவர் கட்சி. சங்கீதப் பாடம் நின்றுபோகிறது. அப்பா சங்கீத வித்துவான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த இடத்தைப் படித்தால் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

உங்கள் ஊர் வருவது அதற்கப்புறம். 1880ல் கும்பகோணம் கல்லூரியில் வேலை. அதே வருடம் அங்கே முனிசீபாக (கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார், இவர் படித்த பிரபந்தங்கள், புராணங்கள் பட்டியலையெல்லாம் கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதுதான் அவர் கேள்வி. சீவக சிந்தாமணி ஏட்டுக்குள் இவர் இறங்குவது அந்தக் கேள்வியால்தான். ஜைன சமய விஷயம் புரியாமல், கும்பகோணத்து ஜைனர்கள் வீட்டுக்கே போய்ப் பாடம் கேட்கிறார். 1887ல் புத்தகம் வருகிறது. ஒரு முனிசீபு உதட்டைப் பிதுக்கியதில் தமிழின் பழைய இலக்கியம் அச்சுக்கு வந்த கதை இது.

அதே வாசகி: கடைசியில் திடீரென்று நின்றுவிடுகிறதாமே?

ஆமாம், நிற்கிறது. 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். யுத்த பயத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போயிருந்தார். அப்போது எழுத்து 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும்தான் வந்திருந்தது. பாக்கி நாற்பது வருடம் அவரோடேயே போயிற்று. நூலாக வெளிவந்தது 1950ல்.

சென்னை வாசகர்: எல்லா சுயசரிதையும் தற்பெருமைதானே மேடம்?

பாதி. மீதிக்காகத்தான் படிக்கிறோம்.

புதுச்சேரி வாசகர்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு வெறும் கப்பல் கணக்கு என்கிறார்கள். படிக்கலாமா?

கப்பல் கணக்கும் உண்டு. எந்தக் கப்பலுக்கு மரியாதையாக எத்தனை குண்டு போட்டார்கள் என்பது வரைக்கும் உண்டு. ஆனால் அவர் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளும். 1736லிருந்து 1761 வரை எழுதியிருக்கிறார். கவர்னரின் மனைவியோடு அவருக்கு ஆகவே ஆகாது, அந்த எரிச்சல் பக்கத்துக்குப் பக்கம் கசியும். 1748ல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த நாளின் பதிவைப் படியுங்கள். ஊரே பதறுகிறது, அவருடைய பதவியும் அதே கவர்னரிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதுகிறார்.

தமிழ்தான் கொஞ்சம் பழக வேண்டும். பேச்சுத் தமிழும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்த கடைத்தெருத் தமிழ். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். முடியவில்லையென்றால் முதலில் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' படித்துவிட்டு வாருங்கள். அந்த நாவல் இந்த நாட்குறிப்பின் தோளில் ஏறி நிற்பது.

திருநெல்வேலி கல்லூரி மாணவி: நீங்கள் சொல்வதெல்லாம் ஆண்கள் எழுதியது. பெண்கள் எழுதியது இல்லையா அக்கா?

நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன். பாமாவின் 'கருக்கு', 1992. கையடக்கமான புத்தகம், ஒரே நாளில் முடித்துவிடலாம். முடித்த பிறகு இரண்டு நாளைக்கு வேறு எதையும் எடுக்க முடியாது. கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்கிற முள். உங்கள் பக்கத்து ஆளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலித் கிறிஸ்தவக் குடும்பம், கன்னியாஸ்திரியாகப் போய் மடத்தை விட்டு வெளியே வந்த அனுபவம், எல்லாம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கும். அது நாவலா தன்வரலாறா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் நூலகத்தில் அதை நாவல் அலமாரியில் வைத்திருந்தார்கள். நான் எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். அடுத்து வந்தவர் திரும்ப அங்கே வைத்துவிட்டார்.

திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வையும் (2007) சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யதுகிரி அம்மாள். பாரதி புதுச்சேரியில் இருந்த காலத்தில் பக்கத்திலேயே வளர்ந்த சிறுமி, பெரியவளான பிறகு எழுதிய 'பாரதி நினைவுகள்' 1954ல் வந்தது. பாரதியைப் பற்றி ஆண்கள் எழுதிய புத்தகங்களில் அவர் எப்போதும் மேடையில் நிற்பார். இதில் வீட்டுக்குள் இருப்பார். செல்லம்மாளின் கவலையும் தெரியும்.

மதுரை வாசகர்: அரசியல்வாதிகள் எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தனியாக ஒன்றைப் படிக்காதீர்கள், ஜோடியாகப் படியுங்கள். கண்ணதாசனின் 'வனவாசம்' ஒரு பக்கம், கலைஞரின் 'நெஞ்சுக்கு நீதி' முதல் பாகம் இன்னொரு பக்கம். இருவரும் ஒரே கட்சியில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். கண்ணதாசன் 1961ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறியவர். ஒரே ஆட்களை இரண்டு பேரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, எனக்கு வீட்டில் நிம்மதி வேண்டும். கண்ணதாசன் மற்றவர்களைக் கிழிக்கும்போது தன்னையும் சேர்த்துக் கிழித்துக்கொள்வார். அந்த அளவுக்கு அவரை நம்பலாம்.

ஆர அமரப் படிக்க வேண்டுமென்றால் திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்', 1944. சென்னைத் தொழிற்சங்கம் பிறந்த கதையை உள்ளே இருந்தவரே சொல்வது வேறு எங்கே கிடைக்கும்? வ.உ.சி.யின் 'சுயசரிதை'யும் இருக்கிறது. ஆனால் அது முழுக்க அகவல். செக்கிழுத்ததையும் செய்யுளிலேயே எழுதிவைத்தார் மனிதர்.

யாழ்ப்பாண வாசகர்: எங்கட பக்கத்தை மறந்திட்டியளோ?

மறக்கவில்லை, இதையும் ஜோடியாகவே சொல்ல நினைத்து வைத்திருந்தேன். சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்', 2003. அவருடைய அக்கா புஷ்பராணியின் 'அகாலம்', 2012. ஒரே வீடு, எழுபதுகளின் அதே இளைஞர் அரசியல். தம்பி இயக்கங்களின் வரலாறாக எழுதினார். அக்கா பொலீஸ் நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று எழுதினார். இரண்டையும் படித்தால்தான் ஒரு வீடு முழுசாகத் தெரிகிறது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் இறந்த பிறகு 2016ல் வந்தது. அது பற்றிய சண்டைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சண்டைகளைப் படிக்கும் முன் புத்தகத்தைப் படியுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஈரோடு ஆசிரியை: பள்ளிக்கூடம் சம்பந்தமாக ஏதாவது?

நெ.து. சுந்தரவடிவேலுவின் 'நினைவு அலைகள்'. காமராசர் காலத்தில் கல்வித்துறை இயக்குநர். மதிய உணவுத் திட்டம் கோப்பிலிருந்து தட்டுக்கு வந்த கதை அதில் உண்டு. கொஞ்சம் நீளம்தான், அலுவலக நடையும் தட்டும். தாண்டிப் போங்கள்.

கோவை, ஒரு அப்பா: பத்தாவது படிக்கும் பையன். கதைப் புத்தகம் பிடிக்காது, 'உண்மையா நடந்ததா?' என்று கேட்பான்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' கொடுங்கள். உப்பு, எண்ணெய், உடை, விளையாட்டு என்று சின்னச் சின்னக் கட்டுரை. எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' அதற்கு அடுத்தது. பறவை, மிருகம் பார்க்கிற பையன் என்றால் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கொடுத்துவிட்டு, 'படிச்சியா, படிச்சியா' என்று கேட்காதீர்கள். கழிப்பறைக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தால் தானாகப் படிப்பான். என் அனுபவம்.

திருவாரூர் வாசகர்: விலைதான் சார் கைக்கு எட்டவில்லை.

சார் இல்லை, பரவாயில்லை. நாட்டுடைமையான (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய) நூல்களை யாரும் அச்சிடலாம் என்பதால் மலிவுப் பதிப்பு இருக்கும். மதுரைத் திட்டம், தமிழ் மின்னூலகம் என்ற இணையதளங்களில் இலவசமாகவே படிக்கலாம். 'என் சரித்திரம்' மதுரைத் திட்டத்தில் இருக்கிறது. மலிவுப் பதிப்பு வாங்கும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள். சில பதிப்புகளில் முன்னுரையையும் பெயர் அகராதியையும் தூக்கிவிடுவார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை போன்ற நூலுக்கு அடிக்குறிப்பு இல்லாவிட்டால் பாதி பேர் யாரென்றே தெரியாது.

நாமக்கல் வாசகி: என் அப்பாயிக்கு எண்பத்து நாலு வயது. அவரிடம் கேட்டு எழுத ஆசை. 'உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க' என்றால் 'என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்' என்று முடித்துவிடுகிறார்.

முடித்துவிடத்தான் செய்வார். அவரைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். மாமியார் எப்படி இருப்பார், பக்கத்து வீட்டில் யார் இருந்தது, முதன்முதலில் ஊருக்குக் கரண்டு வந்தபோது யார் வீட்டுக்கு வந்தது, கிணற்றடியில் யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை என்று கேளுங்கள். அடுத்தவர் கதை என்றால் யாருக்கும் வாய் மூடாது. அவர் அதில் தானாக வந்துவிடுவார். வேலையாக இருக்கும்போது கேட்பது இன்னும் நல்லது. பூண்டு உரித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குக் கூச்சம் வராது.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில், அவர் சொன்ன சொல்லிலேயே, தேதி போட்டு எழுதிவிடுங்கள். 'அப்பாயி சொன்னது' என்று நீங்கள் திருத்தி அழகாக்கி எழுதினால் அவர் குரல் போய்விடும். என் அப்பா முப்பது வருடம் கணக்கு நோட்டு எழுதினார். வீடு மாறும்போது நானே பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டேன், நூலகராக இருந்துகொண்டு. ஒன்று மட்டும் அரிசி டின்னுக்கு அடியில் தப்பியது. அதில் ஒரு பக்கத்தில் கறிகாய், மண்ணெண்ணெய் கணக்குக்கு நடுவில், 'மூத்தவள் அழுகை, ரிப்பன் 15 பைசா' என்று இருக்கிறது. எதற்கு அழுதேன் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே பூண்டு வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.